தோற்ற பிள்ளை எதைக் கற்கிறது? பாடசாலை விளையாட்டுப் பருவத்துக்கு ஒரு விளக்கம்

முதல் தவணை தொடங்கினால் கொழும்புப் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் வந்துவிடும். அதற்கு மேலே கோட்ட மட்டம், வலய மட்டம், மாகாண மட்டம், கடைசியில் தேசிய மட்டம். ஒவ்வொரு மேடையிலும் "தோல்வியே வெற்றியின் முதற்படி" என்ற வாக்கியம் ஒரு தடவையாவது ஒலிக்கும். புற்றரையில் உட்கார்ந்து அழும் பிள்ளையிடம் பெற்றோர் சொல்வதும் அதைத்தான்.

ஆனால் வீட்டில் நடப்பதைப் பார்த்தால் குழப்பம் வருகிறது. ஒரு பிள்ளை தோற்ற மறுவாரமே முன்னைவிட ஊன்றிப் பயிற்சி செய்கிறாள். அதே ஓட்டத்தில் தோற்ற இன்னொருத்தி சப்பாத்தைக் கழற்றி வைத்தவள், பிறகு மைதானப் பக்கமே போவதில்லை. இருவருக்கும் கிடைத்தது ஒரே தோல்வி. கற்றது ஏன் வேறு வேறாக இருக்கிறது? இதற்கு ஆய்வுகளில் ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. அந்த விடை பிள்ளையைவிட, பக்கத்தில் நிற்கும் பெரியவர்களைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

"கஷ்டம்" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று

"கஷ்டப்பட்டால்தான் முன்னுக்கு வரலாம்" என்கிறோம். அந்தக் கஷ்டத்துக்குள் மூன்று வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பிரிக்க வேண்டும்.

1. தோல்வி. ஓடித் தோற்பது, அணியில் இடம் கிடைக்காமல் போவது, கடைசி ஓவரில் பிடியைத் தவறவிடுவது. விளையாட்டுக்குள்ளேயே இருப்பது இது. எட்டு ஓடுபாதைகளில் ஒருத்தி வெல்ல, ஏழு பேர் தோற்கத்தான் வேண்டும். இல்ல மட்டத்தில் வென்றவளும் மேலே எங்கோ ஒரு படியில் தோற்பாள்.

2. தட்டுப்பாடு. மைதானம் இல்லை, பயிற்றுவிப்பாளர் இல்லை, சப்பாத்து வாங்கக் காசு இல்லை, டியூஷனால் நேரம் இல்லை. இது விளையாட்டின் பகுதியல்ல. நாட்டின், நகரத்தின், வீட்டின் நிலைமை.

3. தீங்கு. காயத்தோடு ஓடவைப்பது, வெயிலில் தண்ணீரில்லாமல் நிறுத்துவது, அடிப்பது, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவது.

முதலாவதிலிருந்து பிள்ளை கற்கலாம். இரண்டாவதிலிருந்தும் சில வேளை கற்கலாம், ஆனால் அதற்கு விலை உண்டு. மூன்றாவதில் கற்க எதுவும் இல்லை. மூன்றையும் ஒரே பழமொழிக்குள் போடுவதால்தான், ஒருவர் தன் தவறை "பிள்ளையை உரமாக்குகிறேன்" என்று சொல்லி மறைக்க முடிகிறது.

மூளை கற்பது எதை?

1967 இல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களைக் கொண்டு செய்த பரிசோதனை மிகவும் பேசப்பட்டது. ஒரு கூட்டத்து நாய்கள் மின்னதிர்ச்சியைத் தாங்களே நிறுத்தலாம். மற்றக் கூட்டம் என்ன செய்தும் நிறுத்த முடியாது. பிறகு இரண்டையும், ஒரு தாழ்ந்த தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற இடத்தில் விட்டார்கள். முதல் கூட்டம் தாண்டியது. இரண்டாவதில் பெரும்பாலானவை படுத்தபடி தாங்கிக்கொண்டன. "தான் செய்வதால் எதுவும் மாறாது என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன" என்று அப்போது விளக்கினார்கள்.

சுமார் 50 ஆண்டுகளுக்குப் பிறகு, 2016 இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் திருத்தினார்கள். மூளை பற்றிய புதிய ஆய்வுகளின்படி, நீண்ட துன்பம் வந்தால் அடங்கிப்போவதுதான் மூளையின் இயல்பான முதல் பதில். அதை யாரும் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது மற்றது: "நான் செய்தால் மாறும்" என்பது. அதைக் கண்டுகொள்ளும்போது மூளையின் முன்பகுதி அந்த அடங்கும் இயல்பைக் கட்டுப்படுத்துகிறது.

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். துன்பம் தனியே எதையும் கற்பிப்பதில்லை. துன்பத்தின் நடுவில் பிள்ளை எதையோ செய்து, அதனால் ஒரு சிறு மாற்றமாவது வந்ததைத் தன் கண்ணால் பார்த்தால், அதுதான் பாடம். அது நடக்காவிட்டால் அவள் சோர்ந்து ஒதுங்குவது பலவீனம் அல்ல, இயல்பு.

விளையாட்டு ஆய்விலும் இதே திருப்பம் வந்தது. 2012 இல் டேவ் கொலின்ஸ், ஆன்யா மக்னமாரா என்ற இரு ஆய்வாளர்கள், திறமையுள்ள இளையோருக்குப் பாதையில் மேடு பள்ளம் தேவை என்று எழுதினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அவர்களே மேலும் தேடிப் பார்த்தபோது, உச்சத்துக்குப் போனவர்களுக்கும் கிட்டப் போய் நின்றுவிட்டவர்களுக்கும் வந்த கஷ்டத்தின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. அதை எதிர்கொண்ட விதத்தில்தான் வேறுபாடு இருந்தது. எதிர்கொள்ளும் பழக்கம் கஷ்டத்துக்கு முன்பே கொஞ்சமாவது கையில் இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். நீந்தத் தெரியாத பிள்ளையை முகத்துவாரத்தில் தள்ளிவிட்டால் நீச்சல் வராது.

அஞ்சலோட்டக் கோல் விழுந்த பிறகு

ஓர் உதாரணத்தை எடுத்து மெதுவாகப் பார்ப்போம். சுகததாச விளையாட்டரங்கு. 16 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான 4 × 100 மீற்றர் அஞ்சலோட்டம். இரண்டாவது கைமாற்றத்தில் கோல் விழுகிறது. கொடுக்க வந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றுவிடுகிறாள். மற்ற அணிகள் போய்விட்டன.

முதல் விஷயம் போட்டி விதி. விழுந்த கோலை, அதை விழுத்தியவரே எடுக்க வேண்டும். எடுப்பதற்காகத் தன் ஓடுபாதையை விட்டு வெளியே போகலாம், மற்றவர்களை மறிக்காமலும் தூரத்தைக் குறைக்காமலும் இருந்தால் சரி. எடுத்து ஓடலாம், ஓட்டம் செல்லும். இதைத் தெரியாமல், கோல் விழுந்தாலே எல்லாம் முடிந்தது என்று நினைத்து நிற்கும் பிள்ளைகள் உண்டு. விதியைத் தெரிந்திருப்பதே "இப்போதும் நான் ஒன்று செய்யலாம்" என்பதன் முதல் வடிவம்.

இரண்டாவது, அன்று மாலை வான் வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது யார் என்ன சொல்கிறார்கள் என்பது. நான்கு வகைப் பேச்சு வரும்:

1. "அதிர்ஷ்டம் இல்லை." ஆறுதல் தரும். ஆனால் அடுத்த முறை என்ன செய்வது என்பதற்கு விடை இல்லை.

2. "உனக்குப் பொறுப்பு இல்லை, எல்லோருடைய உழைப்பையும் கெடுத்தாய்." தவறு அவளுடைய குணமாகிவிடுகிறது. குணத்தைத் திங்கட்கிழமைப் பயிற்சியில் திருத்த முடியாது.

3. "பரவாயில்லை மகள், அடுத்த முறை பார்ப்பம்." அன்பான பேச்சுத்தான். அன்றிரவுக்கு இது போதும். மறுநாளும் இதோடு நின்றால் போதாது.

4. "எங்கே விழுந்தது என்று பார்ப்போமா?" இதைச் சொல்பவரைத்தான் அணி தேடிக்கொண்டிருக்கிறது.

நான்காவது கேள்விக்கு உண்மையில் விடை இருக்கிறது. கோலை மாற்ற வேண்டிய கைமாற்று வலயம் 30 மீற்றர். (2017 வரை அது 20 மீற்றர் வலயமும் அதற்கு முன்னால் 10 மீற்றர் முன்னோட்டப் பகுதியுமாகப் பிரிந்திருந்தது.) வாங்க நிற்பவள் பின்னால் தன் காலடியால் அளந்து ஒரு குறி வைப்பாள். வருபவள் அந்தக் குறியை மிதித்ததும் இவள் ஓடத் தொடங்க வேண்டும். முந்தி ஓடினால் கோல் எட்டாது. பிந்தினால் இருவரும் முட்டிக்கொள்வார்கள். பயிற்சியில் இருவரும் களைப்பில்லாமல் ஓடி வைத்த குறி, போட்டி நாளில் பதற்றத்தோடு வேகமாக ஓடும்போது பொருந்தாமல் போகலாம். பயிற்சி புல்லில், போட்டி செயற்கை ஓடுபாதையில் என்றால் வேகமே மாறிவிடும். ஆகவே கேள்விகள் இப்படி இறங்கும்: குறி எத்தனை அடியில் இருந்தது? யார் குரல் கொடுத்தது? குரலுக்கு முன்பே கை நீண்டதா? நீட்டிய கை ஆடியதா?

அடுத்த வாரம் குறியை இரண்டு அடி தள்ளி வைத்துப் பத்து முறை ஓடிப் பார்க்கிறார்கள். எட்டு முறை கோல் சுத்தமாக மாறுகிறது. அந்த எட்டில்தான் அவள் கற்கிறாள். கோல் விழுந்த நொடியில் அவள் கற்றது எதுவும் இல்லை. அந்த நொடிக்கும் இந்தப் பத்து முறைக்கும் இடையில் பாலம் போட்டது ஒரு பெரியவர், அல்லது மூத்த மாணவி ஒருத்தி.

நேரமும் முக்கியம். தோற்ற அரை மணித்தியாலத்துக்குள் அலசக்கூடாது. அப்போது பிள்ளைக்குத் தேவை தண்ணீர், சாப்பாடு, பக்கத்தில் ஓர் ஆள். ஓரிரு நாள் கழித்து, அவளே பேச்சை எடுத்தால் இன்னும் நல்லது.

கொழும்பின் தட்டுப்பாடு

தலைநகரம் என்பதால் இங்கே எல்லா வசதியும் இருப்பதாக வெளியில் நினைக்கிறார்கள். சில பாடசாலைகளுக்கு அது சரி. ஆனால் நகரின் நெருக்கமான பகுதிகளில் உள்ள பல தமிழ்மொழிமூலப் பாடசாலைகளுக்குச் சொந்தமாக முழு மைதானம் கிடையாது. இல்லப் போட்டிக்கே மைதானத்தை வாடகைக்கு எடுக்க வேண்டும். கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கும் வெள்ளவத்தைப் பிள்ளைக்கும் தினசரிப் பயிற்சி என்பது பாடசாலை முற்றம், அல்லது கடற்கரை மணல். மணலில் ஓடிப் பழகியவர், ஸ்பைக் சப்பாத்து போட்டுச் செயற்கை ஓடுபாதையில் முதன்முதலாகக் கால் வைப்பது போட்டி நாளிலேயே என்றால், அந்தத் தோல்வியில் அவருடைய திறமையின் பங்கு எவ்வளவு, ஓடுபாதையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிள்ளை முழுவதையும் தன் மேல் போட்டுக்கொள்ளும்.

மொழியும் ஒரு தடை. அழைப்பறை அறிவிப்பு சிங்களத்தில் மட்டும் வரும்போது, தன் நிகழ்ச்சியைக் கூப்பிட்டது விளங்காமல் பதற்றப்படுவது தமிழ்ப் பிள்ளைக்கு நேரக்கூடியதே. பல பிள்ளைகள் பக்கத்து ஓடுபாதைச் சிங்களப் பிள்ளையிடம் கேட்டு, சிநேகம் பிடித்து, இதைச் சமாளிக்கிறார்கள். அது அருமையான கற்றல்தான். அதற்காக அறிவிப்பு இரு மொழியிலும் வர வேண்டும் என்ற கோரிக்கையைக் கைவிட முடியாது. பிள்ளை தடையைத் தாண்டிவிட்டது என்பதைத் தடை இருப்பதற்கான நியாயமாகக் காட்டுவது, தட்டுப்பாடு பற்றிய பேச்சில் அடிக்கடி நடக்கும் பிழை.

2020 மார்ச்சில் கோவிட்டால் பாடசாலைகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டின் பிற்பகுதி வரை இடைவிட்டு இடைவிட்டு மூடியே கிடந்தன. 2022 இல் எரிபொருள் இல்லை, நீண்ட மின்வெட்டு, கொழும்புப் பாடசாலைகளுக்கு மறுபடியும் பூட்டு. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தைத் தொட்டது. உணவுப் பணவீக்கம் அதிலும் கூட. விளையாடும் பிள்ளைக்கு முட்டையும் பாலும் வாங்குவதே பல வீடுகளில் கணக்குப் பார்க்கும் விஷயமானது. வயதுப் பிரிவோ காத்திருக்காது. 2020 இல் 14 வயதில் இருந்தவர், மைதானம் திறந்தபோது அடுத்த பிரிவில், தன்னைவிடப் பெரியவர்களோடு நின்றார். அந்தத் தலைமுறையில் சிலர் வீட்டுப் படிக்கட்டிலும் மொட்டை மாடியிலும் தாங்களே பயிற்சியை வகுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் இன்று காணும் தன்னொழுங்கு உண்மையானது. திரும்பி வராமலே போனவர்களை நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

வென்றவர்களின் கதையை எப்படி வாசிப்பது

இங்கே ஒரு கணக்குப் பிழையைக் கவனிக்க வேண்டும். வறுமையிலிருந்து வந்து பதக்கம் வென்றவரின் பேட்டி பத்திரிகையில் வரும். அதே வறுமையால் 15 வயதில் ஓட்டத்தை விட்டவரின் பேட்டி வராது. வந்தவர்களை மட்டும் எண்ணினால் வறுமைதான் வெற்றியைத் தந்தது போலத் தோன்றும்.

முத்தையா முரளிதரனின் கதையை வாசிக்கும்போதும் பொதுவாக அவருடைய மன உறுதியையே எடுத்துக்கொள்கிறோம். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில், நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களில் ஏழு முறை அவருடைய பந்தை நோபோல் என்றார். எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. மன உறுதி இருந்தது, ஐயமில்லை. ஆனால் கூடவே நடந்ததைப் பாருங்கள். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க விட்டுக்கொடுக்கவில்லை. 1999 இல் அடிலெய்டில் மறுபடியும் நோபோல் சொல்லப்பட்டபோது அணியையே எல்லைக்கோடு வரை கூட்டிச்சென்று எதிர்ப்புத் தெரிவித்தார். பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் கையின் அசைவை அளந்து பார்த்தார்கள். பிறவியிலேயே முழங்கை முழுதாக நீளாத கை என்பதும், எறிவது போலத் தோன்றுவது கண்ணின் மயக்கம் என்பதும் விளக்கப்பட்டன. அதற்கு எல்லாம் முன்பு, கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீச்சாளராக இருந்த பையனை, 14 வயதளவில் சுழலுக்கு மாற்றியவர் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளுக்குப் பின்னால் அந்தக் கைகளும் இருக்கின்றன.

இலங்கையின் உயரம் பாய்தல் வீரர் என். எதிர்வீரசிங்கத்தின் வரிசை அமைதியானது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார், பதக்கம் இல்லை. 1956 மெல்பேர்னிலும் இல்லை. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் தங்கம். ஆறு ஆண்டுகள். இன்றைய பிள்ளைக்கு நாம் கொடுக்கும் அவகாசம் எவ்வளவு?

வயதுப் பிரிவு செய்யும் அநியாயம்

16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் இருவருக்கு இடையே ஏறக்குறைய இரண்டு வயது வித்தியாசம் இருக்கலாம். அந்த வயதில் இரண்டு ஆண்டு என்பது பெரிய உடல் வித்தியாசம். உயரம் வேகமாகக் கூடும் காலம் பெண்பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதளவில், ஆண்பிள்ளைகளுக்கு 14 வயதளவில் வருகிறது. யாருக்கு எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை. கனடாவின் ஐஸ் ஹொக்கி அணிகளில், பிரிவின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே நிறைந்திருந்ததை 1985 இலேயே காட்டினார்கள். அதே ஆட்டத்தின் உச்ச மட்டத்தைப் பிறகு பார்த்தபோது, அந்தச் சாதகம் மறைந்து சில அணிகளில் தலைகீழாகவும் இருந்தது. பெரியவர்களோடு மோதிப் பழகிய சிறியவர்கள், விடாமல் இருந்தால், நுட்பத்தால் முந்திவிடுகிறார்கள் என்பது ஒரு விளக்கம்.

"விடாமல் இருந்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 13 வயதில் அணியில் சேர்க்காமல் விட்ட பிள்ளைக்கு, "நீ இன்னும் வளரவில்லை, அடுத்த ஆண்டும் வா, பயிற்சிக்கு இடம் உண்டு" என்று சொன்னால் அது ஒரு தோல்வி. "உனக்கு ஓட்டம் சரிவராது" என்றால் அது தீர்ப்பு.

தீங்கை உரம் என்று சொல்லாதீர்கள்

இந்தப் பகுதியில் பேரம் இல்லை.

1. வெப்பம். கொழும்பின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாது, உடல் எளிதில் குளிராது. 2024 மார்ச்சில் கிழக்கு மாகாணத்தில் பாடசாலை மரதன் ஓடிய மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அந்த வெயில் காலத்தில் வெளிக்கள விளையாட்டுகளைத் தவிர்க்கும்படி கல்வி அமைச்சு அறிவுறுத்தியிருந்தது. ஓடும் பிள்ளை தள்ளாடினால், பேச்சுக் குழறினால் உடனே நிறுத்த வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீரும் ஐஸும் கொண்டு உடலைக் குளிர்விக்கத் தொடங்கிவிட்டே வைத்தியசாலைக்கு வண்டி தேட வேண்டும்.

2. வலி. வளரும் பருவத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு மேட்டில் வரும் நோவு, தசைநார் வளரும் எலும்பை இழுப்பதால் வருவது. ஓய்வும் பயிற்சிக் குறைப்பும் வேண்டும். "தாங்கி ஓடு" என்பது மருந்து இல்லை. பெண்பிள்ளைக்கு மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால், அது கடும் பயிற்சியின் பெருமை என்று விடக்கூடாது. உண்பது செலவழிக்கும் சக்திக்குப் போதவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம். வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

3. அடி, அவமானம். உடல் தண்டனையைக் கல்வி அமைச்சின் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடைசெய்கிறது. மைதானம் அதற்கு வெளியே இல்லை. முறையிட, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.

மேலே சொன்ன மூளைக் கணக்கு இங்கே நேராகப் பொருந்தும். அடிப்பவர் முன்னால் பிள்ளை எதைச் செய்தும் நிலைமையை மாற்ற முடியாது. அங்கே அது கற்பது அடங்குவதை மட்டும்தான்.

மைதானத்தில் கற்றது வகுப்பறைக்கு வருமா?

விளையாடும் பிள்ளை வாழ்க்கையிலும் சமாளிக்கும் என்று நம்புகிறோம். தானாக அப்படி நடப்பதில்லை. பயிற்சியில் பொறுமையாக இருப்பவனே பரீட்சைத் தாளைக் கண்டு கலங்குவதைப் பார்க்கிறோம். ஒரு இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோக, இரண்டும் ஒன்றுதான் என்று யாராவது ஒருமுறை காட்ட வேண்டும்.

சாதாரண தரம் நெருங்கும்போது பல வீடுகளில் முதலில் வெட்டப்படுவது விளையாட்டு. நேரக் கணக்குப் பார்த்தால் பெற்றோரின் பயம் விளங்குகிறது. முழுதாக நிறுத்தாமல், வாரத்தில் இரண்டு நாளாகக் குறைப்பது நல்லது என்பது என் கருத்து. எதைக் குறைப்பது, எதை வைப்பது என்பதைப் பிள்ளையோடு சேர்ந்து முடிவெடுத்தால், அதுவும் "நான் செய்தால் மாறும்" என்பதற்கு ஒரு பயிற்சி. விளையாட்டை விட்டுவிட அவளே தீர்மானித்தால், அதையும் தோல்வியாக எழுத வேண்டியதில்லை.

அஞ்சலோட்டக் குறியைக் காலடியால் அளந்து தள்ளி வைத்த அந்தப் பிள்ளைக்குத் தவணைப் பரீட்சையில் கணிதப் புள்ளி குறைந்தால், "கோல் எங்கே விழுந்தது மகள்?" என்று கேட்டுப் பாருங்கள். தாளைப் புரட்டி இடத்தைக் காட்ட அவளுக்குத் தெரியும்.